அந்த நம்பரில் கூப்பிடாதே

மாதா துணை

நாகர்கோவில், பெண்கள் விடுதி
12.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெனிலா எழுதுகிறேன். "அந்த நம்பர்ல கூப்பிடாதட்டி, அவரு கூப்பிடும்போ லைன் கிடைக்காம போயிரும்" என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இன்லண்ட் லெட்டரே கதி. தபால் ஆபீஸ் அம்மா, "இந்தக் காலத்துல யாருக்கு பிள்ளே லெட்டரு, லவ்வா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், என் அக்காவோடுதான் என்றேன்.

கல்லூரியில் எல்லாம் பழையபடிதான். பாலிடெக்னிக் முழுக்க மெக்கானிக்கல், சிவில் பையன்கள். மாஸ் கம்யூனிகேஷனில் நாங்கள் பதினொரு பேர். "டிவிக்காரி வாறா, சிரிங்கலே" என்று வராந்தாவில் கேலி. எங்களுக்கு இருப்பது ஒரே கேமரா. அதற்கும் வரிசையில் நிற்க வேண்டும்.

கடைசி வருடம் ஆளுக்கு ஐந்து நிமிட ஆவணப்படம் எடுக்க வேண்டும். நான் உன்னை எடுக்கட்டுமா? அத்தான் மீன்பிடிக்கப் போன போட் கவிழ்ந்து வருகிற ஐப்பசியோடு ஒரு வருடம். நாலு பேர் கரை சேர்ந்ததைப் பேப்பரில் போட்டார்கள். இன்னும் கிடைக்காத யூஜின் அத்தானையும் மற்ற இருவரையும் யார் நினைக்கிறார்கள்? விபின் சார், "கடற்கரைப் பிள்ளை நீதான் இத எடுக்கணும்" என்கிறார். உன்னை அழ வைக்க மாட்டேன். சத்தியம்.

உன் தங்கை,
ஜெனிலா


இனயம்
20.7.2024

அன்புள்ள தங்கைக்கு,

நானும் மகள் டெல்சியும் இருக்கிறோம். சுகமா என்று மட்டும் கேட்காதே.

படம் எடுக்க வா மக்களே. நாலு பேர் பார்த்தால் தேடச் சொல்லி அதிகாரிகளிடம் கேட்க ஒரு பலம்தானே. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவர் இல்லை என்று படத்தில் எங்கேயும் வரக்கூடாது. அவர் போட்டோவுக்கு இன்றைக்கு வரைக்கும் நான் மாலை போட்டதில்லை, மெழுகுதிரி வைத்ததில்லை. அவரைப் பெற்ற மாமியும் என் முகத்துக்காகத்தான் பூசை வைக்காமல் பொறுத்திருக்கிறார்கள். "ஒனக்கே மனசு வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வராது.

அவருடைய சட்டைகளை மாதம் ஒரு தடவை துவைத்துப் போடுகிறேன். உப்புக்காற்றில் நைந்துபோனால் வந்து என்னைத்தான் ஏசுவார்.

வரும்போது டெல்சிக்கு வெள்ளை சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கி வா. அவளுடையதில் ஒன்று எப்போதும் கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறது.

அக்கா,
சகாயசெல்வி


நாகர்கோவில்
3.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

படம் முடிந்தது. கல்லூரியில் எனக்கு முதல் பரிசு. கேலி செய்த மெக்கானிக்கல் பையன்கள்கூட எழுந்து நின்று கை தட்டினார்கள். விபின் சார் அதைக் கல்லூரி யூடியூபில் போட்டுவிட்டார். என்னிடம் கேட்கவில்லை.

சந்தோஷமாகத்தான் எழுத வேண்டும். ஆனால் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. உன் போன் பட்டன் போன், அதில் படம் வராது என்று நினைத்து ஆறுதல் பட்டேன். பிறகு, ஏன் ஆறுதல் படுகிறேன் என்று பயமாக இருந்தது. நான் லீவுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிறேன். அதற்குள் யாராவது போனை நீட்டினால் பார்க்காதே அக்கா.

ஜெனிலா


இனயம்
15.9.2024

ஜெனிலாவுக்கு,

பக்கத்து வீட்டு சுபிதா போனில் பார்த்தேன். மாமியும் பார்த்தார்கள். ஊரே பார்த்தது.

நீ சாக்ஸ் வாங்க மறந்து வந்த அன்றைக்கு மத்தியானமே மழை இருட்டு. கரண்ட் போனது. டெல்சியின் சாக்ஸைத் தேட நான் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். "அக்கா, அப்படியே கொஞ்சம் பிடி, முகத்துல வெளிச்சம் நல்லா விழுது" என்றாய். சாக்ஸ் தேடுகிறவளை எடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு படத்தில் இல்லை. நான் மெழுகுதிரி கொளுத்துகிறேன், உடனே அவர் போட்டோ வருகிறது. அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

மாமி என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. என் தலையைத் தடவி, "நீயே கொளுத்திட்டியே மக்களே, இனி நாங்க எதுக்கு காத்துக் கெடக்கணும்?" என்று அழுதார்கள். நான் சாக்ஸ் கதையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. இன்றைக்குக் கோவிலில் ஃபாதர் அறிவித்துவிட்டார். 25ஆம் தேதி புதன்கிழமை அவருக்கு இறந்தவர் பூசை.

பதினொரு மாதமாக ஊரோடு நான் ஒருத்தியாக மல்லுக்கட்டினேன். நீ என் பக்கம் என்று நினைத்திருந்தேன்.

சகாயசெல்வி


நாகர்கோவில்
18.9.2024

அக்கா,

ஏசி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எடிட்டிங் வகுப்பில் முதலில் சொல்லித்தருவதே இதுதான். "ரெண்டு ஷாட்ட ஒட்டிப் பாரு, ரெண்டுலயும் இல்லாத ஒண்ணு தானா வரும்" என்பார் விபின் சார். என் படம் உயிரில்லாமல் கிடந்தது. நீ சட்டை துவைக்கிறாய், டெல்சி விளையாடுகிறாள், அவ்வளவுதான். மெழுகுதிரியையும் போட்டோவையும் ஒட்டிப் பார்த்தேன். பின்னால் நின்ற வகுப்புத்தோழி ஜாஸ்மி அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. அதை வெட்டியெறிய மனம் வரவில்லை.

பரிசுக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிகிறது. அத்தான் வரமாட்டார் என்று நான் எப்போதோ முடிவு கட்டிவிட்டேன். உன்னிடம் சொல்லத் தைரியமில்லாமல் படத்தில் சொல்லிவிட்டேன். இதைவிடப் பெரிய துரோகம் எனக்குத் தெரியவில்லை.

படத்தை யூடியூபிலிருந்து நீக்கச் சொல்லி விபின் சாரிடம் சண்டை போட்டேன். நீக்கிவிட்டார். ஆனால் அது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போய்விட்டது. மாமிக்கும் ஃபாதருக்கும் நடந்ததை எழுதியிருக்கிறேன். நான் படிப்பை விடுகிறேன் அக்கா. இந்தக் கையால் இனி எதையும் ஒட்ட மாட்டேன்.

ஜெனிலா


நாகர்கோவில்
29.9.2024

அக்கா,

புதன்கிழமை பூசைக்கு வந்திருந்தேன். கடைசி பெஞ்சில் இருந்தேன். "உன் லெட்டர் கிடைத்தது, ஆனால் அந்தத் தாய்க்கும் ஒரு முடிவு வேண்டும் அல்லவா" என்றார் ஃபாதர். நீ வரவில்லை. வீட்டுக்கு வந்தேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. டெல்சி, "சித்தி வந்திருக்கு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. நீ அவளை அதட்டியதும் கேட்டது. புது சாக்ஸை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு வரி எழுது. ஏசியாவது எழுது.

ஜெனிலா


இனயம்
20.10.2024

ஜெனிலாவுக்கு,

சாக்ஸ் அளவு சரியாக இருக்கிறது. போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

பூசை முடிந்து வந்து மாமி அவர் போட்டோ முன்னால் மெழுகுதிரி வைத்தார்கள். நான் அணைத்தேன். மறுநாளும் வைத்தார்கள். அன்றைக்கும் அணைத்தேன். மூன்றாம் நாள் பக்கத்தில் போய் நின்றேன். ஊத வாயைக் குவித்தேன், மூச்சு வரவில்லை. அது எரிந்து தீருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது நானே வைக்கிறேன்.

சட்டைகளை மாமியிடம் கொடுத்துவிட்டேன்.

படிப்பை விடாதே. ரெண்டு பேரும் கரையில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறோம்? உன்னை மன்னித்தேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

இனி லெட்டருக்காகத் தபால் ஆபீஸுக்கு அலைய வேண்டாம். போனிலேயே கூப்பிடு. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். லைன் சும்மாதான் கிடக்கிறது.

அக்கா,
சகாயசெல்வி