கரு நிலைக்காது என்றாள்

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பேத்தி சுதா இங்கேதான் இருக்கிறாள். கல்லூரியில் பௌதிகம் சொல்லித் தருகிறவள், இப்போது மூன்றாம் மாதம். அவளோடு நான் பேசுவதில்லை. தி.நகர் புடவைக் கடையில் அத்தனை பேர் முன்னால் "ஆயாவுக்கு அதெல்லாம் புரியாது" என்றாளே. பச்சைப் பட்டுக்காரி ஒருத்தி சிரித்தாளே. மறக்கிற ஆளா நான்.

மதியம் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேச்சு. தேங்காய் துருவிக்கொண்டே கேட்டேன். "இந்தக் கரு நிலைக்காது. பிடிமானம் பத்தல. உடைஞ்சிடும்." குரலில் அழுகைகூட இல்லை. என் கை நின்றுவிட்டது.

எனக்கும் முதல் இரண்டு தங்கவில்லை. "இவ வயித்துல எதுவும் ஒட்டாது" என்றாள் நாத்தனார். அவள் செத்தும் அந்தக் குரல் சாகவில்லை.

ராத்திரி வெறும் ரசம்.

10, செவ்வாய்

வெயில். வாசலில் பட்டினப்பாக்கத்து மீன்காரி. "இன்னா ஆயா, மூஞ்சி தொங்கிக்கினு கீது? பேத்திக்கு சுறா வாங்கேன்." சுறா, பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுப்பது. சுறா வேண்டாமென்று நெத்திலி வாங்கினேன்.

சோற்றுத் தட்டோடு நானே அவள் அறைக்குப் போனேன்.

"எதையும் தூக்காதடி. டாக்டர் என்ன சொன்னா?"

"எந்த டாக்டர்?"

"கரு நிலைக்காதுன்னு சொன்னியே."

விழித்தாள். அப்புறம் ஒரே சிரிப்பு. "ஐயோ ஆயா, அது அணுக்கரு! யுரேனியம்! பசங்களுக்குத் தமிழ்ல பாடம் பதிவு பண்ணேன்."

அறைந்திருப்பேன். தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அது ஏன் உடையுமாம் என்று கேட்டேன்.

நீர்த்துளி மாதிரியாம். உள்ளே புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும். நியூட்ரான் தள்ளாது, ஒட்டவைக்கும். ஆனால் ஒட்டுகிற பிடி பக்கத்து ஆள் வரைதான். தள்ளுவது கடைக்கோடிக்கும் எட்டும். கூட்டம் பெருத்தால் பிடி தோற்கும்.

"என் மாமியார் வீடு," என்றேன்.

"இன்னொண்ணு ஆயா. ஒண்ணா ஒட்டும்போது எடை கொஞ்சம் குறைஞ்சிடும். குறைஞ்சதுதான் பிடி. பிரிக்கணும்னா அதைத் திருப்பிக் குடுக்கணும்."

சிரிப்பு அடங்கியதும் சின்னக் குரலில்: "எனக்கும் பயமாத்தான் இருக்கு. வியாழக்கிழமை ஸ்கேன். நீ வரியா?"

12, வியாழன்

மறுபடி மழை. அடையாறு வரை ஆட்டோ. செருப்பு சொதசொத.

துடிப்பைக் கேட்க வைத்தார்கள். தையல் மெஷின் வேகம். சுதா என் கையை விடவில்லை. டாக்டரம்மா அவளிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

"ஆயாகிட்டயும் சொல்லுங்க டாக்டர். அவங்களுக்குப் புரியும்."

"நல்லா இருக்கும்மா. பயப்பட ஒண்ணுமில்ல."

தி.நகர் பேச்சு அப்படியேதான் இருக்கிறது. எடை மட்டும் கொஞ்சம் குறைவு.

மீன்காரியிடம் சுறாவுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.