உயிரோடிருப்பவனுக்கு ஓதிய பாத்திஹா

இராஜபாளையம்
1902, ரஜப் பிறை பத்து

மகன் சேக் முகைதீனுக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை நூர்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. நீ அங்கே உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் தெரிந்துகொண்டோம், அல்லாவுக்கே புகழ்.

போன மாதம் உங்கள் மதரஸா உஸ்தாதிடமிருந்து உருதுவில் ஒரு கடிதம் வந்தது. நம் தெருவில் உருது யாருக்குத் தெரியும்? எழுத்து அரபு எழுத்துதானே, குர்ஆன் ஓதத் தெரிந்தவள் படிக்கட்டும் என்று உன் தகப்பனார், அத்தா, நூர்னிசாவிடம் கொடுத்தார்கள். அவளும் அர்த்தம் தெரியாமல் எழுத்துக்கூட்டி வாசித்தாள். உன் பெயர் வந்தது, அடுத்தாற்போல் இந்திகால் என்று ஒரு சொல் வந்தது. நம் தெருவுக்கு வந்துபோகும் ஐதராபாத் அத்தர் வியாபாரி தன் தகப்பனார் மௌத்தானதை அந்தச் சொல்லால்தான் நம்மிடம் சொன்னார். அதற்குமேல் படிக்க விடாமல் நான் விழுந்துவிட்டேன். அங்கேயே உன்னை அடக்கியிருப்பார்கள் என்று நினைத்து மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி, தெருவுக்கே நெய்ச்சோறு போட்டோம். நம் கடையில் பருத்தி நிறுக்கிற தவசிமுத்து, எம்புட்டு நல்ல புள்ள, இப்பிடிப் போயிட்டானே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

எட்டாம் நாள் உன் கார்டு வந்தது. ரமலானுக்கு வருகிறாய், புதுச்சட்டை தைத்து வைக்க வேண்டுமாம். அத்தா இரண்டையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் உருது தெரிந்த குமாஸ்தா சாகுல் ஹமீதிடம் ஓடினார்கள். அவர் படித்துவிட்டுச் சிரித்தாராம். ஓரிடம் விட்டு ஓரிடம் மாற்றுவதற்கும் அதே சொல்தானாம். உன்னைக் கீழ் வகுப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். மேலே படிக்கப் படிக்க அவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டதாம். உஸ்தாது, உருதுவில் நடத்தும் பாடம் இரண்டு வருஷமாக அவனுக்கு விளங்கவில்லை, அஸர் தொழுகைக்குப் பிறகு தினமும் என்னிடம் வரச் சொன்னேன், தமிழ் தெரிந்த மூத்த மாணவர் ஒருவரையும் துணைக்கு வைத்தேன், வயிற்றுவலி என்று சொல்லி ஒளிந்துகொள்கிறான், வீட்டார் புத்தி சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறார். எங்களுக்கோ வகுப்பில் நீதான் முதல் என்று எழுதினாய். அதை நான் தெருவெல்லாம் சொன்னேனே.

இப்போது எதிர்க்கடைக் காதர் தினமும் அத்தாவைப் பார்த்து, மச்சான், நாங்க தின்ன பாத்திஹாச் சோத்தத் திருப்பித் தரணுமா என்று கேட்கிறார். அத்தா தராசுப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். என்னிடம் மட்டும், மௌத்தான மகனுக்கு அழுதேன், இவனுக்கு அழ மாட்டேன் என்றார்கள். ஷஃபான் மாதம் முடிவதற்குள், உன்னைத் தினமும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததாக உஸ்தாது எழுதி வர வேண்டும். வராவிட்டால் ரமலானுக்கு வருகிறவன் திரும்பிப் போக வேண்டாம், பருத்தி மூட்டை தூக்கட்டும் என்பது அவர்கள் முடிவு. நான் உனக்காகப் பேச மாட்டேன். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்ல உனக்கு வாய் இல்லாமல் போனதற்கு, உயிரோடு இருக்கும் உனக்கு நான் ஒப்பாரி வைத்தேன்.

வயிற்றைக் காயப் போடாதே. தொழுகையை விடாதே. அல்லா உனக்கு அறிவையும், கேட்கிற வாயையும் தரட்டும்.

உன் அம்மா,
சம்சாத் பேகம்

அண்ணே, இது அம்மா சொல்லாதது. தப்பாகப் படித்ததற்கு என்னை மன்னித்துவிடு. நான் பெரியவளானதும் ஓதப் போக வேண்டாம் என்று வீட்டில் சொன்னபோது, இன்னும் கொஞ்சம் படிக்கிறேன் என்று கேட்க வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. உன்னைக் கூப்பிட்டுவிட்டு ஒருவர் அங்கே காத்திருக்கிறார். போய் உட்கார். வெட்கப்பட்டு நின்றால் என்ன ஆகும் என்பதை நான் இங்கே எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டிவிட்டேன்.