காபெரின் மான்

அன்பு மகள் த்யாஷாவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். அங்கே ஸ்வீடன் குளிரில் நீ கம்பளிக் காலுறை போடுகிறாய் என்று நம்புகிறேன், நம்ப மட்டும்தான் முடியும்.

உன் கடிதம் கிடைத்தது. நம்மூர் யெலோவிட்சா காட்டில் நீங்கள் விட்ட லின்க்ஸ் என்னும் பெரிய காட்டுப்பூனை காபெர் ஒரே புதரை இரண்டு நாள் சுற்றிவிட்டு, இங்கிருக்கும் ஒரே பெண்பூனையையும் பார்க்காமல் எல்லை தாண்டி இத்தாலிக்குப் போய்விட்டான், அவன் கழுத்துப்பட்டை அனுப்பும் இருப்பிடப் புள்ளிகளை வைத்துக் காரணம் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். அவை ஜோடி சேர்ந்தால்தான் இந்த இனம் ஆல்ப்ஸில் கால் ஊன்றும் என்று இரண்டு வருடமாக நீ படும் பாடு எனக்குத் தெரியும். காரணமும் தெரியும், அதை நான்தான் சமைத்தேன்.

உன் அப்பா பதினோரு வருடமாக எதையும் சுட்டதில்லை. காபெர் அந்தப் புதரைச் சுற்றத் தொடங்கிய அன்று காலை ஒரு மானோடு வந்து 'ஒரே குண்டுடி' என்றார். ஒரு தொடை எங்கே என்றேன், 'பெரிய குண்டு' என்றார். வேட்டைச் சங்கத் தலைவர் ஸ்வெத்தோ, வேட்டையாடியவருக்கு மரியாதை செய்யும் வழக்கப்படி தேவதாருக் கிளையை உன் அப்பா தொப்பியில் செருகி, 'கலக்கிட்டே லுட்விக்' என்று கை குலுக்கினார். கறியைக் கழுவும்போது பார்த்தால் குண்டே இல்லை, கழுத்தில் பல் தடம், முடியெல்லாம் காய்ந்த இலை. லின்க்ஸ் தான் கொன்றதை இலையால் மூடிவிட்டு நாலைந்து நாள் வந்து தின்னும் என்று நீதானே சொல்லியிருக்கிறாய். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அதைத்தான் குழம்பு வைத்துப் பரிமாறினேன். ஸ்வெத்தோ மூன்றாவது தட்டோடு எழுந்து, 'அந்த வந்தேறிப் பூனை நம்ம மானையெல்லாம் தின்னு தீர்க்குது' என்று கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். உன் அப்பாவும் கை தூக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை, வாயில் கறி இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், 'காத்து மாறிடுச்சு, அதான் போயிட்டான்னு எழுதிடு' என்றார். ஸ்வெத்தோவிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், பிள்ளையிடம் பொய் எழுத மாட்டேன் என்றேன். காபெர் திரும்பி வந்து மானைத் தேடுவான் என்று தெரியாதா என்று கேட்டேன். 'தெரியும்டி. அவன் வேற புடிச்சுக்குவான், நான் எங்க போய்ப் புடிக்கிறது' என்று சொல்லிவிட்டு விறகு வெட்டப் போய்விட்டார். கிளையைத் தொப்பியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்.

உன் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் எங்கள் இருவர் பெயரையும் எழுது. கடவுள் உன்னையும் காபெரையும் நன்றாக வைக்கட்டும். அவன் திரும்புகிறான் என்று தெரிந்தால் முதலில் எனக்குச் சொல், உன் அப்பாவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறேன். இதோடு வைத்திருக்கும் கிளை காபெருக்குச் சேர வேண்டியது, பத்திரமாக வை.

இரண்டு தட்டு சாப்பிட்ட உன் அம்மா,
ஸ்லாவ்கா