மைனஸ் இரண்டிலிருந்து நான்கு வரை

டீச்சர்,

இன்று காலை ஸ்லிப் டெஸ்ட் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். (−2, 1), (4, 9) என்ற இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு. நான் சூத்திரத்தை ஒப்பிக்க வைத்த ஒன்பதாம் வகுப்பில் பாதிப்பேர் மைனஸைக் கோட்டைவிட்டு, ஆறு வரவேண்டிய இடத்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் சூத்திரமே எழுதவில்லை. தாள் ஓரத்தில் ஒரு செங்கோண முக்கோணம். குறுக்கே ஆறு, மேலே எட்டு, கர்ணம் பத்து. பார்த்ததும் கை நின்றுவிட்டது.

நீங்கள் அப்படித்தான் நடத்துவீர்கள். நாமக்கல்லில் நம்முடையதைப் போன்ற விடுதிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை அரையாண்டுக்குள் முடித்துவிட்டு, பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கியாக வேண்டும். நீங்களோ பிள்ளைகளைக் கட்டத்தாளில் எண்ண வைத்துக்கொண்டிருப்பீர்கள். "சூத்திரம் மறந்து போயிருமுங்க டீச்சர். கட்டம் எண்ணுனது மறக்காதுங்க" என்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். எரிச்சல் என்ன எரிச்சல், பொறாமை! என் வகுப்புப் பிள்ளைகளும் சந்தேகம் கேட்க உங்களைத்தான் தேடி வந்தார்கள்.

முதல்வரிடம் போய், "அவங்க போர்ஷன முடிக்கவே மாட்டாங்க சார்" என்று சொன்னேன். அடுத்த வாரமே ஒன்பதாம் வகுப்பை உங்களிடமிருந்து பிடுங்கி என்னிடம் கொடுத்தார்கள். உங்களை எட்டாம் வகுப்புக்கு இறக்கினார்கள்.

அன்று மத்தியானம் மெஸ்ஸில் உங்கள் முட்டையை வழக்கம்போல என் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டீர்கள்: "ஏனுங்க டீச்சர், யாரு சொல்லியிருப்பாங்க?"

"தெரியலீங்களே" என்றேன். அந்த முட்டையையும் தின்றேன்.

கோடை விடுமுறையில் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டீர்கள். ராசிபுரத்துக்குத் துக்கம் கேட்க வந்தபோது உங்கள் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தித்தானுங்க எப்பவும் பேசுவா" என்று அழுதார். அப்போதாவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

மாலையில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பாராட்டினேன். "போன வருஷம் எய்த்ல ராசிபுரம் மிஸ் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். போகத் திரும்பியவள், "அவங்க நல்லாத்தானே நடத்துனாங்க, அப்புறம் ஏன் மிஸ் நைன்த்ல இருந்து எடுத்துட்டாங்க?" என்று கேட்டாள்.

"தெரியல சாமி" என்றேன்.

உங்களிடம் சொன்ன அதே பொய். முதல்வரிடம் சொன்னது நான்தான், டீச்சர். நாளைக்கு முதல் பீரியட் எனக்கு உங்கள் ஒன்பதாம் வகுப்புதான்.