ரபீக் எடுத்துவிட்ட பாதிக் கணக்கு

2006 நவம்பர், ஞாயிறு. பெரம்பலூர்.

லப்பைக்குடிக்காட்டில் ரபீக் தங்கைக்கு நிக்காஹ். பார்மஸி கல்லூரியில் என்னோடு படித்தவன், இப்போது சென்னையில் மருந்து கம்பெனியில் இருக்கிறான். அவர்களுடைய பிரஷர் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு ஏறும் என்று கம்ப்யூட்டரில் கணித்துக் கொடுத்தது நான்தான். வெறும் வயிற்றில் சரியாக இருந்தது. சாப்பிட்டபின் போட்டால் மருந்து அளவுக்கு மீறி ஏறியது; பிரஷர் ஆபத்தாக இறங்கிவிடும். இரண்டையும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்.

"சாப்பாட்டுக் கணக்க எடுத்துட்டுத்தான்டா அனுமதிக்கு டெல்லி அனுப்புனோம். உன் பேரு அப்படியே இருக்கு."

"நம்ம ஊருல யாருடா வெறும் வயித்துல மாத்திரை போடுறா?"

"கம்ப்யூட்டர் சொன்னதுதானே, விடு."

கம்ப்யூட்டர் கணக்கை நம்பலாம் என்று என்னை இந்த வேலையில் இழுத்துவிட்டவனே அவன்தான். பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

பஸ் ஏற்றிவிடும்போது எப்போதும்போல் தோளில் கை போட்டான். தட்டிவிட மனம் வரவில்லை. பெரம்பலூரில் இறங்கியதும் பிரவுசிங் சென்டருக்குப் போய் முழுக் கணக்கையும் மருந்துக்கு அனுமதி தரும் டெல்லி ஆபீசுக்கு அனுப்பினேன். அவன் வேலை போகலாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் போன் அடித்தது. ரபீக்.

"பத்திரமா போய்ச் சேந்தியாடா?"

சேர்ந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.