அப்பா இருட்டுக்காகக் காத்திருக்கிறார்

ஹொல்ஸ்டெப்ரோ,
ஜூன் 14

என் அன்பு மகள் ஷரோனுக்கு,

உன்னையும் மருமகனையும் பேத்தி ஈவாக்குட்டியையும் அந்தக் குளிர் தேசத்தில் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும் என்று ஒவ்வொரு செபமாலையிலும் மன்றாடும் அம்மா எழுதுவது. முழங்கால் நோவைத் தவிர இங்கே ஒரு குறையுமில்லை என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். அப்படி எழுதினால் பொய்யாகிவிடும்.

இதைப் போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். நீ எடுத்தவுடன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்துவிடுகிறார். நான் குசினிக்குள் போனால் பின்னாலேயே வருகிறார். மெசேஜ் எழுதினால் அதையும் எடுத்து வாசிக்கிறார். அதனால்தான் கடிதம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்ததை வைத்து மெல்ல மெல்ல வாசி. விளங்காத சொல் இருந்தால் போனில் கேட்காதே, மகள்.

மே மாதம் எங்கள் பங்குத் தமிழ் ஆட்களோடு மால்டாவுக்கு யாத்திரை போன படங்களை உனக்கு அனுப்பினேன். அவற்றில் எல்லாரும் சிரிக்கிறோம். அது முதல் இரண்டு நாள். புனித சின்னப்பரின் கப்பல் உடைந்து அவர் கரையேறிய தீவு அல்லவா? வலெட்டாவில் உள்ள அவருடைய கோயிலில், அவரது கை எலும்பு இருக்கும் பேழைக்கு முன்னால், முழந்தாளிட முடியாமல் நின்றபடியே உங்கள் எல்லாருக்காகவும் செபித்தேன். ஊர் முழுக்க மஞ்சள் கல். கோட்டைச் சுவர்கள் கடலுக்குள் இருந்தே எழும்பி நிற்கின்றன. துறைமுகத்துக்கு அக்கரையில் இன்னொரு பழைய ஊர். அங்கேயும் பெரிய கோயில் ஒன்று உண்டு. சின்னப் படகு ஒன்று ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும்.

அப்பா தன் கடற்கரை ஊரான பேசாலையை விட்டு வந்த பிறகு கடலில் கால் வைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். நோர்வேக்குக் கப்பலில் போவோம் என்று நீ சின்னனில் அடம்பிடித்தபோதும், பாலம் இருக்கிற பக்கமாகச் சுற்றிப் போவோம் என்று சொல்லிக் காரைத் திருப்பியவர். அதனால் அவர் கரையிலேயே நின்றுவிடுவார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அந்தப் படகில் அவர்தான் முதலில் ஏறினார். எங்களோடு வந்த யசிந்தா கைப்பிடியைப் பிடித்தபடி பயந்து பயந்து ஏற, "உங்களுக்கெல்லாம் கடலை ஃப்ரீசருக்குள்ள மீனாத்தான் தெரியும்" என்று பகிடி பண்ணினார். அவளும் விடவில்லை. "அண்ணை, நீங்கள் இத்தனை வருசம் இறைச்சிக் கொம்பனியில பண்டி வெட்டினதுக்குப் பெரிய கப்பல் கப்டன் மாதிரிக் கதைக்காதேங்கோ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய நாலு வயது மகள் மிதுஷா அப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள்.

படகு நடுத் துறைமுகத்துக்கு வந்தபோது கோட்டை மேலே பீரங்கி வெடித்தது. நண்பகலில் ஒவ்வொரு நாளும் வெடிப்பது அங்கே பழைய வழக்கமாம். வழிகாட்டிப் பெண் காலையிலேயே சொல்லியிருந்தாள். அப்பா அதைக் கவனிக்கவில்லைப் போலிருக்கிறது. சுவர்களில் பட்டு அந்தச் சத்தம் திரும்பித் திரும்பி வந்தது. மிதுஷா வீரிட்டு அழுதாள்.

அப்பா அவளைத் தூக்கி மடிக்குள் அமுக்கி, இருக்கைக்குக் கீழே குனிந்து, கையால் அவள் வாயைப் பொத்தினார். மூக்கையும் சேர்த்து. "ஒருத்தரும் அசையாதேங்கோ. லைட்டை நூருங்கோ. எஞ்சினை நிப்பாட்டு" என்று எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். நடுப்பகல், ஷரோன். நூர்க்க ஒரு விளக்கும் இல்லை. முன்னாலிருந்த இரண்டு பேர் அவர் நடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். பிள்ளையின் கால்கள் உதைத்தன; பிறகு உதைப்பது குறைந்தது. யசிந்தா "அல்பேட் அண்ணை, என்ர பிள்ளையை விடுங்கோ" என்று கத்திக்கொண்டு அவருடைய விரல்களைப் பிடித்து இழுத்தாள். நானும் இழுத்தேன். எங்கள் இரண்டு பேராலும் முடியவில்லை. படகில் வேலை செய்கிற பெடியன் ஓடிவந்துதான் அந்தக் கையை எடுத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் அவள் சத்தமே போடவில்லை. பிறகு மூச்சை இழுத்து அழுதாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டு, "இது அழுகுது, செலின். இது அழுகுது" என்று என்னிடம் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நீ பிறந்த அன்றுதான் கண்டிருக்கிறேன்.

அக்கரையில் மற்றவர்கள் கோயிலுக்குள் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே கல்லில் இருந்தோம். அவர் தானாகவே சொன்னார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு இரவில் ஆட்களை ஏற்றிப் போனவர் அல்லவா? ஒரு முறை நேவிக்காரனின் வெளிச்சம் கிட்ட வந்ததாம். படகுக்குள் ஒரு கைக்குழந்தை அழுததாம். "வாயைப் பொத்து பிள்ளை எண்டு தாய்க்கு நான்தான் சொன்னனான். லைட் போய் முடியுமட்டும் கையை எடுக்க விடேல்லை. நடுக்கடல் மணல் தீடையில இறக்கேக்குள்ள அது அழேல்லை" என்றார். இத்தனை வருட சீவியத்தில் இதை எனக்குச் சொன்னது அன்றைக்குத்தான்.

யசிந்தா நல்ல பிள்ளை. ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் பூசைக்கு வந்தால் மிதுஷாவைக் கூட்டிக்கொண்டு தேவாலயத்தின் மறுபக்கத்தில் இருக்கிறாள். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பயணத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது பின்னேரமானால் எல்லாத் திரைகளையும் இழுத்து மூடுகிறார். உடுத்து வெளிக்கிட்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு, கதவடியில் கதிரையில் இருக்கிறார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "இருட்டட்டும். இருட்டின பிறகு வெளிக்கிடுவம்" என்கிறார். இங்கே ஜூனில் எங்கே மகள் இருட்டுகிறது? காத்திருந்து காத்திருந்து கதிரையிலேயே நித்திரையாகிவிடுகிறார். காலையில் எழும்பித் தேத்தண்ணி கேட்கும்போது பழைய அப்பாதான். கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், என்னோடு பகிடி விடுகிறார்.

போன வியாழன் ஆற்றங்கரையில் யாரோ கட்டியிருந்த சின்னப் படகின் கயிற்றை அவிழ்த்து, தன் முறையில் திரும்பக் கட்டினார். ஒரே இழுவையில் கழன்றுவிடும் முடிச்சு அது. எனக்கும் காட்டித் தந்தார்.

இனிச் சொல்லப் போவதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நேற்று அரிசி வாளிக்குப் பின்னால் துடைக்கும்போது ஒரு பை கிடந்தது. உள்ளே பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பாணி மருந்துப் போத்தல்கள். ஊரில் தடிமனுக்குக் கொடுப்பார்களே, குடித்தவுடன் பிள்ளை அசந்து நித்திரையாகிவிடும், அது. ஊரிலிருந்து வந்த மரியநாயகி அக்காவிடம் எனக்குத் தெரியாமல் சொல்லி எடுப்பித்திருக்கிறார். வீட்டுச் சாமான் ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் எனக்குச் சொல்லாமல் இருக்காத மனுசன். இது என்னத்துக்கு என்று கேட்டேன். கோபப்படவே இல்லை. "ஈவா வாறாள் எல்லோ? வாயைப் பொத்துறதை விட இது நல்லம். வெளிக்கிட முதல் ஒரு கரண்டி குடுத்தால் சத்தம் போடாது" என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார், மகள்.

போத்தல்களை ஊற்றிக் கழுவிவிட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வேறு வழி தேடுவார். டொக்டரிடம் ஒரு முறை கூட்டிப் போனேன். அங்கே போனால் நல்ல டெனிஷ், நல்ல சிரிப்பு. ஓய்வு எடுத்தது அலுப்பாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி டொக்டரையும் சிரிக்க வைத்துவிட்டு வந்தார். எனக்குத் தெரிந்த டெனிஷில் இதைச் சொல்லிக் காட்ட முடியவில்லை.

ஓகஸ்டில் ஈவாவைக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னாய். என் முழங்கால் ஒப்பரேசன் நாளில் அப்பா பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னாய். அவர் அவளுக்கு அறை கூட ஒழுங்கு பண்ணிவிட்டார். ஓகஸ்டில் இங்கே நன்றாக இருட்டிவிடும், ஷரோன்.

பிள்ளையைக் கொண்டுவராதே. மருமகனுக்கு லீவு கிடைத்துவிட்டது, அவர் பார்த்துக்கொள்வார் என்று அப்பாவிடம் சொல். அந்தப் பொய்யை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். நீ மட்டும் அதற்கு முன்னரே வா. டொக்டருக்கு எல்லாவற்றையும் நீ எடுத்துச் சொல். நீ கையைப் பிடித்துக் கூப்பிட்டால் அவர் மறுக்க மாட்டார். அப்பாவை வெறுக்காதே. அவர் பிள்ளையைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்.

சின்னப்பரைக் கரைசேர்த்த ஆண்டவர் எங்கள் வீட்டையும் கைவிடமாட்டார். இந்த முறை ஈவாவின் நெற்றியில் நான் போட வேண்டிய சிலுவையை நீ போட்டுவிடு. அவள் அழுதால் உடனே ஆற்றாதே, மகள். கொஞ்ச நேரம் சத்தமாக அழட்டும். அம்மாவுக்காக அதைக் கேட்டுக்கொண்டிரு.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா மேரிசெலின்