துண்டித்த பச்சைக் கம்பி

பிரஸ்டன்,
9 ஜனவரி 1997

அன்புள்ள ஐரிஸுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவுக்குக் குளிரோடு முழங்கால் வலியும் வந்திருக்கிறது, அவ்வளவுதான். டனிடினில் இப்போது கோடைதானே, ஏரிக்கரையில் கூடாரம் போட்டு வெயில் காய்ந்துவிட்டு இருபதாம் தேதி நலமாக வீடு திரும்புவாய், வந்ததும் இது உன் கையில் கிடைக்கும் என்று நம்பி எழுதுகிறேன். உன் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியை, அந்த ஆம்பை, மின்சாரத்தில் செருகாதே. உன் தொலைபேசியின் பதிவு இயந்திரத்திலும் மூன்று முறை சொல்லி வைத்திருக்கிறேன். கெட்டிலைக்கூடப் பயந்து பயந்து தொடுகிறவன் நான், காரணம் சொல்லாவிட்டால் அப்பாவின் வழக்கமான பயம் என்று சிரித்துவிடுவாய்.

பழைய இசைக்குழுவில் கிட்டார் வாசித்த டெஸ் மாமா போன வாரம் தன் பழைய ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவர்களுடைய இசைத்தட்டு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறதாம், மறுபடி மேடையேறுகிறார்கள். அதில் கண்ணாடிக் குவளையைச் சுண்டியதுபோல ஒரு கிட்டார் ஒலி வருமே, கரகரப்பே இல்லாமல், அச்சு அசலாக அதுவே வேண்டுமாம். அந்தப் பதிவில் கருவிகளைப் பார்த்துக்கொண்டவன் நான் என்பதால் என்னிடம் வந்தான். புதுக் கம்பிகள், சத்தம் மூன்றில், கூர்மை ஏழில், எக்கோ பெட்டி கொஞ்சமாக, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே போனேன். திங்கட்கிழமை மதியம் அந்த ஒலி வந்துவிட்டது. "அதேதான்டா சிரிலு, செத்தவனையே எழுப்பிட்டே!" என்று டெஸ் குதித்தான். நான் பெட்டியருகே குனிந்து காது கொடுத்தேன். ஆம்பையும் எக்கோ பெட்டியையும் இணைத்தால் அடியில் ஒரு ரீங்காரம் இருந்தே தீர வேண்டும். அவன் கம்பியிலிருந்து கையெடுத்த பிறகு அறையில் எந்த ஒலியுமே இல்லை.

பின்பலகையைக் கழற்றினேன். பச்சை எர்த் கம்பி துண்டிக்கப்பட்டு, முனையில் கறுப்பு நாடா சுற்றியிருந்தது. அவ்வளவு ஒழுங்காக நாடா சுற்றுகிறவன் இந்த ஊரில் ஒருவன்தான். ரீங்காரத்தை ஒழிக்க அந்தக் காலத்தில் எல்லாரும் செய்தது இது, பதிவு முடிந்ததும் திரும்ப இணைத்துவிட வேண்டும். 1972 நோட்டை எடுத்துப் பார்த்தேன். "இரண்டு ஆம்பிலும் எர்த் எடுத்தாயிற்று, நாளை இணைக்க" என்று எழுதியிருக்கிறேன். முடித்த வேலைக்குப் பக்கத்தில் சரிக்குறி போடுவேன், உனக்குத் தெரியும். குறி இல்லை. இரண்டாவது ஆம்ப் உன்னிடம் இருப்பதுதான். கப்பலேற்றி டனிடினுக்கு அனுப்பியவனும் நான்தான்.

"இத்தன வருஷமா வாசிக்கிறேன், நான் என்ன கருகியா போயிட்டேன்? போய் டீ போடுப்பா" என்றான் டெஸ். அவன் சொல்வதே சரியோ என்று நானும் நினைத்திருப்பேன். ஆனால் கிட்டாரோடு மைக்கில் பாடும்போது உதட்டில் எறும்பு கடிக்கிறது, நடனக் கூடத்தின் ஈரமாக இருக்கும் என்று கிறிஸ்துமஸ் கடிதத்தில் வேடிக்கையாக எழுதியிருந்தாய். அது ஈரம் இல்லை மகளே. பெட்டிக்குள் கசிவு தொடங்கிவிட்டது. அது முற்றினால் மின்சாரம் கிட்டார் கம்பியிலிருந்து உன் கை வழியாக மைக்குக்குப் போகும், நடுவில் இருப்பது உன் நெஞ்சு. அங்கே போனதும் புது பிளக் மாட்டினாய், அது போதாது, வெட்டு பெட்டிக்குள் இருக்கிறது. மின்வேலை தெரிந்தவர் ஒருவர் திறந்து பார்க்கட்டும். இருபத்துமூன்றாம் தேதி நடன நிகழ்ச்சியில் வாசிக்க யாரிடமாவது வேறு ஆம்ப் கேட்டு வாங்கிக்கொள். அது ரீங்கரித்தால் ரீங்கரிக்கட்டும்.

அம்மா முத்தங்கள் அனுப்புகிறாள். கடவுள் உன்னை எல்லாவற்றிலிருந்தும் காக்கட்டும், என் கைவேலையிலிருந்தும். படித்ததும் கூப்பிடு, எந்த நேரமானாலும் எடுப்பேன். சிரிக்க வேண்டுமானால் தாராளமாகச் சிரி, பிளக்கைச் சுவரிலிருந்து உருவிக் கையில் வைத்துக்கொண்டு சிரி.

உன் அப்பா,
சிரில்